வராத வெள்ளிக்கிழமை

2011-ம் வருஷம் டிசம்பர் 30-ம் தேதி, வெள்ளிக்கிழமை. அன்றைக்கு நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டால் கடலூர், புதுச்சேரிக்காரர்கள் பட்டென்று சொல்லிவிடுவார்கள். ‘தானே’ புயல் கரையைக் கடந்த நாள். மற்றவர்கள் கொஞ்சம் யோசித்து, ‘ஆபீஸ் போனேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன்’ என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்.

சமோவாக்காரர்களிடம் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். அவர்களிடம் பதில் கிடையாது. மறதி இல்லை சார், அந்த நாள் அவர்கள் ஊருக்கு வரவே இல்லை!

பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, சுமார் 2 லட்சம் பேர் வசிக்கிற குட்டித் தீவு தேசம் சமோவா. 29-ம் தேதி வியாழக்கிழமை ராத்திரி எல்லோரும் படுத்துத் தூங்கினார்கள். மணி 12 அடித்ததும் 31-ம் தேதி, சனிக்கிழமை! நடுவில் இருந்த வெள்ளிக்கிழமையை அரசாங்கம் சட்டம் போட்டுத் தூக்கிவிட்டது.

காரணம் பக்தி இல்லை, வியாபாரம். உலக வரைபடத்தில் தேதிக்கோடு என்று ஒன்று போட்டிருக்கிறார்களே, அதற்குக் கிழக்கே இருந்தது சமோவா. அதன் முக்கிய வாடிக்கையாளர்களான ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மேற்கே. சமோவாவில் வெள்ளிக்கிழமை என்றால் நியூசிலாந்தில் சனிக்கிழமை, ஆபீஸ் லீவ். இவர்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடிக்கொண்டிருக்கும்போது சிட்னியில் திங்கட்கிழமை வியாபாரம் சுறுசுறுப்பாக நடக்கும். வாரத்தில் 2 நாள் போச்சு. கோட்டை நமக்குக் கிழக்கே தள்ளிவிட்டால் என்ன என்று யோசித்தார் பிரதமர் துயிலேபா. தள்ளியும் விட்டார். ஏற்கெனவே 2009-ல், வலதுபக்கம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தேசத்தை ஒரே நாளில் இடதுபக்கத்துக்கு மாற்றிய அனுபவஸ்தர் அவர். ரோட்டை மாற்றி ருசி கண்டவர், காலண்டரில் கைவைக்கத் தயங்கவில்லை.

காமர்ஸ் படித்தவனுக்கு உடனே எழும் சந்தேகம்: அந்த வெள்ளிக்கிழமைச் சம்பளம்? முழுசாகக் கொடுத்தாக வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. வராத நாளுக்குச் சம்பளம்! நம் ஊர் யூனியன்கள்கூட இதுவரை கேட்டதில்லை.

ஆக, சம்பளக் கணக்கு சரியாகிவிட்டது. சரியாகாத கணக்கு ஒன்று இருந்தது. அது சர்ச்சுக்குள் இருந்தது.

* * *

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை என்று ஒன்று உண்டு. கொள்கை என்ன என்பது பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. வாரத்தின் ஏழாம் நாளான சனிக்கிழமைதான் கடவுள் ஏற்படுத்திய ஓய்வுநாள், ஞாயிறு மனுஷர்கள் பார்த்து மாற்றியது என்பது இவர்கள் நம்பிக்கை. 1863-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பேட்டில் கிரீக் என்ற ஊரில் சபையாக அமைந்தார்கள். (காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற கார்ன் ஃப்ளேக்ஸும் அதே ஊரில், இவர்களுடைய ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பியதுதான். அது தனிக்கதை.)

இவர்களுக்கு ஓய்வுநாள் என்பது வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது ஆரம்பித்து சனிக்கிழமை சூரியன் மறையும்போது முடிகிறது. அந்த நேரத்தில் வேலை கிடையாது, கடை கிடையாது, கொடுக்கல் வாங்கல் கிடையாது. சமோவாவிலும் 100 வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் நடந்துவந்தது. ஊரில் பெரும்பாலோர் ஞாயிறு சர்ச்சுக்குப் போனார்கள், இவர்கள் ஒருநாள் முன்னால் போனார்கள்.

இப்போது சொல்லுங்கள். வெள்ளி மாலை சூரியன் மறையும்போது ஓய்வுநாள் ஆரம்பம். வெள்ளிக்கிழமையே இல்லையென்றால்?

சபைத் தலைவர்கள் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார்கள். கடவுள் சொன்னது ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஓய்வு. போன ஓய்வுநாள் டிசம்பர் 24. அதற்குப் பிறகு 25, 26, 27, 28, 29 என்று அஞ்சு நாள் ஆயிற்று. அடுத்து விடியப்போகிற 31-ம் தேதிதான் ஆறாம் நாள். அரசாங்கம் அதற்குச் சனிக்கிழமை என்று பேர் வைத்தால் வைத்துக்கொள்ளட்டும், சூரியனுக்குத் தெரியுமா? ஆகவே ஏழாம் நாள் ஜனவரி 1, ஞாயிற்றுக்கிழமை. இனி சமோவாவில் ஓய்வுநாள் ஞாயிறு என்று முடிவாயிற்று. ‘நாங்கள் நாளை மாற்றவில்லை, அரசாங்கம்தான் பேரை மாற்றியது’ என்பது வாதம். பக்கத்து நாடான டோங்காவிலும் அட்வென்டிஸ்டுகள் ரொம்ப காலமாக ஞாயிறுதான் கூடுகிறார்கள். தீவுகளுக்காக வளைந்து நெளிந்து போகிற கோட்டை அவர்கள் ஏற்பதில்லை. 180 டிகிரி தீர்க்கரேகை எங்கே நேராக ஓடுகிறதோ அதுதான் கோடு என்பது அவர்கள் கணக்கு.

கணக்கு சரி. மனசு?

பிறந்ததிலிருந்து ‘ஞாயிறு ஓய்வுநாள் இல்லை’ என்று கேட்டு வளர்ந்தவர்கள், அதைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டவர்கள், இப்போது அதே ஞாயிற்றுக்கிழமை வேதப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் வாசலில் நின்று சிரிக்காமல் இருப்பானா? அதுவும் ஞாயிறு என்றால் ஊரே லீவ். வேலையில் பர்மிஷன் கேட்க வேண்டியதில்லை, பரீட்சையை விட வேண்டியதில்லை. ரொம்ப சௌகரியம். விசுவாசத்தில் திடீரென்று சௌகரியம் வந்தால் சிலருக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்?

ஒரு சாரார் ஒப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை என்றால் சனிக்கிழமைதான் என்று பிரிந்துபோய்த் தனியாகக் கூட ஆரம்பித்தார்கள். வேதம் ஒன்று, கட்டளை ஒன்று, பாடுகிற பாட்டும் ஒன்று. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு நாளில், இரண்டு கூரையின் கீழ்.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவுக்குச் சொந்தமான இன்னொரு சமோவா 100 கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கிறது. அது கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அங்குள்ள அட்வென்டிஸ்டுகள் சனிக்கிழமை கும்பிடுகிற அதே மணி நேரத்தில்தான் இங்கே சபைத் தீர்மானப்படி நடக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை கும்பிடுகிறார்கள். ஒரே சூரியன், ஒரே ஏழாம் நாள். காலண்டரில் மட்டும் வேறு வேறு தாள்.

‘அப்படியானால் எண்ணிப் பார்த்தவர்கள் சொன்னதுதான் சரி’ என்று தீர்ப்பு எழுதப்போகிறீர்களா? அவசரப்படாதீர்கள். 1892-க்கு முன்னால் சமோவா கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. அமெரிக்க வியாபாரிகள் கேட்டுக்கொண்டார்கள் என்று அந்த வருஷம் அந்தப் பக்கம் மாறினார்கள். அதற்காக ஜூலை 4-ம் தேதி திங்கட்கிழமையை அடுத்தடுத்து இரண்டு தடவை கொண்டாடினார்கள். அந்தப் பழைய எண்ணிக்கையை விடாமல் தொடர்ந்திருந்தால், இப்போது வருகிற சனிதான் அசல் சனி!

விரல்விட்டு எண்ணினால் உண்மை கிடைத்துவிடும் என்பது நம் நம்பிக்கை. எந்த விரலில் ஆரம்பிப்பது என்பதில்தான் சண்டையே.

* * *

சண்டை பழசு. சமோவா இதில் கடைசி அத்தியாயம்தான்.

யூதர்களின் ஓய்வுநாள் சனி. இயேசு யூதர், சீடர்கள் யூதர்கள், எல்லோரும் சனிக்கிழமை ஜெப ஆலயத்துக்குப் போனவர்கள். பிறகு எப்போது ஞாயிறு நுழைந்தது? ‘கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி செய்த வேலை’ என்று சனிக்கிழமைக்காரர்கள் ஒரே போடாகப் போடுவார்கள். 321-ம் வருஷம் மார்ச் 7-ம் தேதி அவர் ஓர் உத்தரவு போட்டது நிஜம். சூரியனுடைய நாளில் நீதிபதிகளும் நகரவாசிகளும் வேலை செய்யக்கூடாது, விவசாயிகள் மட்டும் செய்யலாம் என்றது அந்த உத்தரவு. (மழை பார்த்து விதைக்கிறவனுக்குக் கிழமை பார்க்க முடியாது என்பது சக்கரவர்த்திக்கும் தெரிந்திருக்கிறது.) அதே நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய ஆலோசனைச் சங்கம், யூதர் மாதிரி சனிக்கிழமை ஓய்ந்திருக்காதீர்கள் என்று விதி எழுதியதும் நிஜம். யாரோ ஓய்ந்திருந்தால்தானே விதி எழுத வேண்டியிருக்கும்?

ஆனால் கான்ஸ்டன்டைன் பிறப்பதற்கு 100 வருஷத்துக்கு முன்பே, 150-ம் வருஷம் வாக்கில், ரோமில் இருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், நாங்கள் சூரிய நாளில்தான் கூடுகிறோம் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இயேசு உயிர்த்தெழுந்தது அன்றைக்குத்தான் என்பது காரணம். ஆக ராஜா புதுசாகக் கண்டுபிடிக்கவில்லை. நடந்துகொண்டிருந்ததற்கு முத்திரை குத்தினார். முத்திரை விழுந்த பிறகு மற்றது மங்கிப்போயிற்று.

எத்தியோப்பியாவில் இந்தச் சண்டை 14-ம் நூற்றாண்டில் உச்சத்துக்குப் போனது. சனிக்கிழமையை விடமாட்டேன் என்ற எவுஸ்தாதெவோஸ் என்ற துறவி நாட்டை விட்டே போக நேர்ந்தது. சீடர்கள் பிடிவாதமாக நின்றார்கள். கடைசியில் 1450-ல் ஸாரா யாக்கோப் என்ற ராஜா சபையைக் கூட்டி, சனியும் ஓய்வுநாள், ஞாயிறும் ஓய்வுநாள் என்று முடித்தார். இரண்டு நாள் வாராந்தர லீவை ஐ.டி. கம்பெனிகள் கண்டுபிடித்தன என்று யாராவது சொன்னால் இந்த ராஜாவை ஞாபகப்படுத்துங்கள்.

இதெல்லாம் கடல் தாண்டிய சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் திருநெல்வேலிச் சீமையிலேயே இது நடந்தது. நாசரேத்தில் வெள்ளைக்கார மிஷனரியோடு முட்டிக்கொண்ட அருமைநாயகம், ஊரார் வாயில் சட்டாம்பிள்ளை, 1857-ல் பிரிந்துபோய் ஒரு சபை ஆரம்பித்தார். வெள்ளைக்காரப் பாதிரியின் அதிகாரம் வேண்டாம், அவர்களுடைய பழக்கவழக்கமும் வேண்டாம், வேதம் மட்டும் போதும் என்றார். வேதத்தைப் புரட்டினால் அதில் சனிக்கிழமை இருக்கிறது, அமாவாசை இருக்கிறது, தூபம் இருக்கிறது, தரையில் விழுந்து கும்பிடுவது இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். பக்கத்துப் பிரகாசபுரத்தில் இருக்கிறது அந்த ஏகரட்சகர் சபை. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அட்வென்டிஸ்ட் மிஷனரிகள் சனிக்கிழமையைச் சொல்லிக்கொடுக்க அந்தப் பக்கம் வந்தபோது, அங்கே ஏற்கெனவே அரை நூற்றாண்டாகச் சனிக்கிழமை ஓடிக்கொண்டிருந்தது. மதராஸ் மாகாணத்தில் ஒரு தமிழர், ‘உன் புத்தகத்தில் உள்ளபடி நீயே நடக்கவில்லையே’ என்று வெள்ளைக்காரரைக் கேட்டிருக்கிறார் என்றால், அங்கே கிழமை மட்டுமா பிரச்னை? யார் சொல்லி யார் கேட்பது என்பதும்தான்.

* * *

இந்தச் சண்டையில் அடிக்கடி உருவப்படுகிற கத்தி ‘மூலம்’. இந்த நாள் எங்கிருந்து வந்தது தெரியுமா? சூரியனைக் கும்பிட்டவர்களிடமிருந்து. ஆகவே தீட்டு.

மூலத்தைத் தோண்டுவது என்று இறங்கிவிட்டால் அஸ்திவாரம் வரை போக வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் வியாழக்கிழமையின் பேர் தோர் என்ற பழைய இடிதேவனுடையது. தமிழில் கேட்கவே வேண்டாம். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று நவக்கிரகத்தில் ஏழு பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஓய்வுநாளில் சனி பகவானே உட்கார்ந்திருக்கிறார்! தமிழ்க் கிறிஸ்தவர்கள் தினம் ஒரு கிரகத்தின் பேரைச் சொல்லித்தான் ஜெபக்கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கிறார்கள். இதில் உஷாராக இருந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். இந்தச் சாமி பேரெல்லாம் வேண்டாம் என்று ‘இரண்டாம் நாள், மூன்றாம் நாள்’ என்று நம்பர் போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கும் அங்கே அப்படித்தான்.

கிறிஸ்துமஸுக்கும் இதே மூலப் பிரச்னைதான். இயேசு பிறந்த தேதி சுவிசேஷங்களில் கிடையாது. டிசம்பர் 25 என்ற தேதி முதல்முதலாகக் கண்ணில் படுவது ரோமில் ஒரு செல்வந்தருக்காக 354-ல் தயாரித்த ஏடு ஒன்றில். நம் பஞ்சாங்கம் மாதிரி, அதில் பண்டிகை உண்டு, பதவிக்காரர் பட்டியல் உண்டு, எல்லாம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், ‘வெல்லமுடியாதவனின் பிறந்தநாள்’ என்று அதே தேதியில் சூரியதேவனின் விழாவும் அதே ஏட்டின் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. இந்தச் சூரியதேவனுக்கு 274-ல் ரோமில் கோயில் கட்டியவர் அவுரேலியன் சக்கரவர்த்தி.

‘பார்த்தீர்களா, காப்பியடித்தது!’ என்பது ஒரு கட்சி.

‘இல்லை, அது தனிக்கணக்கு’ என்பது இன்னொரு கட்சி. பெரியவர்கள் கருவான தேதியிலேயே மறைவார்கள் என்று பழையகாலத்தில் ஒரு நம்பிக்கை. இயேசு சிலுவையில் அறையப்பட்டது மார்ச் 25 என்று மேற்கே சிலர் கணித்திருந்தார்கள். கருவானதும் அன்றே என்றால் ஒன்பது மாதம் கூட்டுங்கள். டிசம்பர் 25 வந்துவிட்டது! கிழக்கே ஏப்ரல் 6 என்று கணித்தவர்களுக்கு ஜனவரி 6 கிடைத்தது. ஆர்மேனிய சபை இன்றும் ஜனவரி 6-ஐத்தான் வைத்திருக்கிறது. இரண்டு கட்சியிலும் படித்த சரித்திர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வழக்கு முடியவில்லை.

பிறந்த ஊரான பெத்லகேமுக்கே போய்க் கேட்கலாம் என்றால், அங்கே வருஷத்துக்கு மூன்று கிறிஸ்துமஸ். மேற்கத்தியச் சபைகளுக்கு டிசம்பர் 25, பழைய ஜூலியன் காலண்டர்க்காரர்களுக்கு ஜனவரி 7, அதே பழைய காலண்டரில் ஜனவரி 6 பார்க்கிற ஆர்மேனியர்களுக்கு ஜனவரி 19. குழந்தை ஒன்று, பிறந்தநாள் மூன்று.

மூலத்தைக் காரணம் காட்டிப் பண்டிகையைச் சட்டம் போட்டே ஒழித்தவர்களும் உண்டு. இங்கிலாந்தில் ப்யூரிட்டன்கள் கை ஓங்கியிருந்தபோது, 1647 ஜூன் மாதம், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாம் ரத்து என்று பார்லிமென்ட் அறிவித்தது. வேதத்தில் இல்லை, குடியும் கூத்தும்தான் மிச்சம் என்றார்கள். வேலைக்காரப் பையன்களுக்கு லீவ் போய்விடுமே? அதற்குப் பதிலாக மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை லீவ்! கணக்குப் பார்த்தால் லீவ் கூடத்தான் கிடைத்தது. ஆனாலும் ஜனங்கள் ஒப்பவில்லை. அந்த டிசம்பரில் கான்டர்பரி நகரத்தில் கிறிஸ்துமஸ் அன்று கடை திறந்தவர்களை அடித்து நொறுக்கிக் கலவரம் ஆயிற்று. பண்டிகைக்குப் பதிலாக லீவைக் கொடுத்தால் ஜனங்கள் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்பது பார்லிமென்டுக்கு அப்போதுதான் புரிந்திருக்கும். அட்லாண்டிக்குக்கு அந்தப்புறம் மாசசூசெட்ஸிலும் 1659-ல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று போட்டார்கள். 1681-ல் எடுத்தார்கள். ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது 1958-ல்தான்.

கவனியுங்கள், இப்படிக் கிறிஸ்துமஸை விரட்டிய ப்யூரிட்டன்கள்தான் ஞாயிற்றுக்கிழமையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தவர்கள். ஆடக்கூடாது, ஓடக்கூடாது, கடை திறக்கக்கூடாது. அதே கையால்தான் கிறிஸ்துமஸைத் துடைத்தார்கள். பிறகு சனிக்கிழமைக்காரர்கள் வந்து, ‘ஞாயிறு மட்டும் வேதத்தில் இருக்கிறதா ஐயா?’ என்று கேட்டபோது அந்தக் கத்தி இவர்கள் பக்கமே திரும்பியது.

* * *

எங்கள் தெருவில் ஒரு ரிட்டையர்ட் வாத்தியார் இருக்கிறார். சொந்த ஊர் நாசரேத் பக்கம். மகளைக் கட்டிக்கொடுத்த இடம், சனிக்கிழமை கூடுகிற, கிறிஸ்துமஸ் கொண்டாடாத ஒரு சின்னச் சபை. கல்யாணம் பேசும்போது இதெல்லாம் பெரிசாகத் தெரியவில்லை. முதல் டிசம்பர் வந்தபோதுதான் தெரிந்தது.

“நட்சத்திரம் கட்டக்கூடாது, கேக் கூடாது. ‘மாமா, அது சூரியனைக் கும்பிட்டவங்க நாளு’ன்னு மருமகன் சொல்லுதாரு தம்பி. தப்பா சொல்லல, மரியாதையாத்தான் சொல்லுதாரு. ஆனா வீட்டம்மாவுக்கு மனசு கேக்குமா? முந்திரிக்கொத்து சுட்டா மகளுக்குக் கொடுத்துவிடாம எப்படி?”

“அப்புறம் என்ன சார் பண்ணினீங்க?”

“டிசம்பர் பத்தாந்தேதி வாக்குலயே கொடுத்துவிட்டுருவோம். கிறிஸ்துமஸ் பலகாரம் இல்ல, சும்மா பலகாரம்.”

“மருமகன் சாப்பிடுவாரா?”

“போன வருஷம் இன்னொரு டப்பா கேட்டு வாங்கிட்டுப் போனாருல்லா!” என்று சிரித்தார். “நானும் அங்க போனா சனிக்கிழமை அவுக சபையில உக்காருவேன். மறுநாள் நம்ம சபை. வாரத்துக்கு ரெண்டு பிரசங்கம். ஒண்ணும் கொறஞ்சு போகல.”

எத்தியோப்பியா ராஜா எழுதிய தீர்ப்பை இவர் யாரையும் கேட்காமலே எழுதிக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். அவர் சிரிப்பு அதற்குள் நின்றுவிட்டது.

“பேரன் வந்திருந்தான் தம்பி. அஞ்சு வயசு. மாடியில நட்சத்திரம் எரியறதப் பாத்து ‘இது எதுக்குத் தாத்தா?’ன்னான். நாப்பது வருஷம் பாடஞ் சொல்லிக்கொடுத்தவன் நான். ‘சும்மா வெளிச்சத்துக்கு’ன்னு சொல்லிட்டேன்.”

அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மருமகனிடமும் தப்பு சொல்ல முடியாது. அவர் நம்புவதை அவர் வீட்டில் அனுசரிக்கிறார். ஆனால் டிசம்பர் 25-ன் மூலம் பற்றி இரண்டு கட்சியும் எழுதிய அத்தனை புத்தகங்களையும் அடுக்கிவைத்தாலும், அந்தத் தாத்தா பேரனுக்குச் சொல்ல வேண்டிய பதில் அதில் இருக்காது.

* * *

வீட்டுக்குள் என்றால் முந்திரிக்கொத்தை முன்கூட்டி அனுப்பிச் சமாளிக்கலாம். வயிற்றுப்பிழைப்பில் வந்தால்?

அமெரிக்காவில் தெற்குக் கரோலினா மாநிலத்தில் அடெல் ஷெர்பர்ட் என்ற பெண்மணி மில் தொழிலாளி. 1957-ல் அட்வென்டிஸ்ட் சபையில் சேர்ந்தார். அப்போது வாரத்துக்கு அஞ்சு நாள்தான் வேலை. 1959-ல் மில் ஆறு நாள் என்று மாற்றியது, சனிக்கிழமையும் வா என்றது. வரமாட்டேன் என்றார். வேலை போயிற்று. அக்கம்பக்கத்து மில்களிலும் அதே ஆறு நாள். வேலையில்லாதோர் உதவித்தொகை கேட்டால், ‘கொடுக்கிற வேலைக்குப் போகமாட்டேன் என்கிறவருக்கு எதற்குத் தொகை?’ என்று மாநிலம் கைவிரித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1963-ல் 7 நீதிபதிகள் அவர் பக்கம், 2 பேர் எதிர்ப்பக்கம் என்று ஜெயித்தார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மனசாட்சி இடம் தராதவருக்கு அந்த மாநிலச் சட்டத்தில் பாதுகாப்பு இருந்ததையும் கோர்ட் சுட்டிக்காட்டியது. ஞாயிறுக்கு ஒரு சட்டம், சனிக்கு ஒரு சட்டமா?

60 வருஷம் கழித்து, 2023-ல், அதே சுப்ரீம் கோர்ட் வாசலில் வந்து நின்றார் ஜெரால்ட் கிராஃப். பென்சில்வேனியாவில் தபால்காரராக இருந்தவர். இவர் ஞாயிற்றுக்கிழமைக்காரர்! தபால் இலாகாவுக்கு ஞாயிறு எப்போதும் லீவ்தான், அமேசான் பார்சல் வருகிற வரை. பார்சலுக்கு ஏது ஓய்வுநாள்? வரமாட்டேன் என்றார், நடவடிக்கைக்கு மேல் நடவடிக்கை, கடைசியில் 2019-ல் அவரே விலகினார். ஊழியரின் மத அனுசரிப்புக்கு இடம் கொடுக்க முடியாது என்று முதலாளி சொன்னால், நிஜமாகவே கணிசமான சுமை என்று காட்டியாக வேண்டும், சும்மா கொஞ்சம் அசௌகரியம் என்றால் போதாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொல்லி, வழக்கைக் கீழ்க்கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

சனிக்காரரும் ஞாயிறுக்காரரும் ஒருவரையொருவர் ‘உன் நாள் போலி’ என்று 100 வருஷத்துக்கு மேலாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக ஒருவன் வந்து நின்றான். அவனுக்கு எல்லா நாளும் ஒரே நாள், வாரத்துக்கு ஏழு நாளும் கடை. அவன் முன்னால் இரண்டு பேரும் ஒரே கட்சி.

எனக்குப் படுவது இதுதான். ஒரு நாளின் மூலத்தைத் தோண்டிக்கொண்டே போனால் ஏதாவது ஒரு ராஜாவோ, வேறொரு சாமியோ, ஏட்டில் யாரோ கூட்டிப் போட்ட கணக்கோ வந்துவிடுகிறது. சுத்தமாக, கைபடாமல் வந்த நாள் என்று எதுவும் தேறவில்லை. ஆனால் அந்த நாளுக்காக ஒருத்தர் விட்ட வேலை நிஜம். பிரிந்துபோன பெஞ்ச் நிஜம். ஒருவர் அனுசரிக்கிற நாளை எடைபோட வேண்டுமென்றால், அது யாரிடமிருந்து வந்தது என்று கேட்பதைவிட, அதற்காக அவர் என்ன கொடுத்தார் என்று கேட்பது நியாயம். பவுல் அப்போஸ்தலரே ரோமாபுரிக்காரர்களுக்கு எழுதிய கடிதத்தில், சிலர் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறார்கள், சிலர் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறார்கள், அவரவர் தம் மனசில் நிச்சயமாக இருக்கட்டும் என்கிற பொருளில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதையும் இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுக்குச் சாதகமாகத்தான் வாசிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

கடைசியாக, சமோவா கணக்கை முடித்துவிடலாம். 1892-ல் ஒரு நாள் அதிகம் வரவு. 2011-ல் ஒரு நாள் செலவு. 119 வருஷம் கழித்துக் கைமாற்று நேராகிவிட்டது. பேரேட்டில் பாக்கி பூஜ்யம். தொழிலாளிக்கு வராத வெள்ளிக்கிழமைச் சம்பளமும் வந்துவிட்டது. ஆடிட்டர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம்.

வட்டி மட்டும் பேரேட்டில் ஏறவில்லை. அதைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் சனிக்கிழமை ஒரு பாதியும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பாதியுமாகச் சபைக்குப் போகிற அந்தக் குடும்பங்கள். அடுத்த தடவை எந்த ராஜாவாவது, எந்தப் பிரதமராவது காலண்டரில் கைவைக்கும்போது, சம்பளத்துக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு காலம் போட்டு எழுதச் சொல்லுங்கள்.